ஒரு முறை ஆபரேஷன் ஆனால் மறுமுறையும் ஆபரேஷன்தானா?

நெசவுக் குடும்பமாயினும் உழவுக் குடும்பமாயினும், வீட்டில் ஒரு பெண் இரண்டாம் முறை கருவுற்றிருக்கிறாள் என்ற செய்தி வந்ததும், மகிழ்ச்சியோடு கூடவே ஒரு கேள்வியும் எழுகின்றது. முதல் குழந்தை வயிற்றைக் கீறி எடுக்கப்பட்டதாயின், இந்தக் குழந்தையும் அவ்வாறுதான் பிறக்க வேண்டுமா என்பதே அக்கேள்வி. மாமியார் ஒருவிதமாகச் சொல்லுவார். பெண்ணைப் பெற்ற தாயார் வேறுவிதமாகச் சொல்லுவார். அண்டை வீட்டார் தாம் கேள்விப்பட்டதைச் சொல்லுவார்கள். தறியை எத்தனை நாள் நிறுத்த வேண்டியிருக்குமோ, செலவுக்கு யாரிடம் கைநீட்ட வேண்டியிருக்குமோ என்று கணவர் கவலைப்படுவார். இவ்வளவு பேச்சுக்கும் நடுவில், பிள்ளையைச் சுமக்கும் அப்பெண்ணின் மனத்தில் இருக்கும் அச்சத்தைக் கேட்பார் இரார்.

இது ஏதோ சில குடும்பங்களின் சங்கதியன்று. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நிகழ்ந்த பிரசவங்களில் 100-க்கு ஏறக்குறைய 45 சிசேரியன் ஆபரேஷன் மூலம் நடைபெற்றவை. இந்தியா முழுமைக்கும் இக்கணக்கு 100-க்கு 21.5 ஆகும். நம் மாநிலத்திலேயே அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 100-க்கு 36 ஆகவும், தனியார் ஆஸ்பத்திரிகளில் 100-க்கு ஏறக்குறைய 64 ஆகவும் இருந்தது. ஆகவே, கருப்பையில் ஒரு தழும்புடன் மறுமுறை கருவுறும் பெண்கள் நம் சங்க அங்கத்தினர்களின் இல்லங்களில் மிகப் பலர் இருப்பர். இவ்விஷயத்தின் உண்மைகளை நாம் தெளிவாக அறிந்துகொள்வது அவசியமாகும்.

பழைய விதியும் புதிய அறிவும்

1916-ஆம் ஆண்டில், நியூயார்க் நகரத்து வைத்தியர் எட்வின் கிராகின் என்பவர், ஒரு முறை சிசேரியன் செய்யப்பட்டவருக்கு எப்பொழுதும் சிசேரியனே என்ற கருத்தை எழுதினார். முதல் ஆபரேஷனையே எளிதாக எண்ணிச் செய்துவிடக் கூடாது என்று சக வைத்தியர்களை எச்சரிப்பதே அவருடைய நோக்கம். ஆனால் காலப்போக்கில் எச்சரிக்கை மறைந்து, அந்த வாசகம் மட்டும் ஒரு விதியாக நிலைத்துவிட்டது.

அந்நாளில் அவ்வாறு அஞ்சியதற்குக் காரணம் உண்டு. அக்காலத்தில் கருப்பையின் மேற்பகுதியை நெடுக்குவாட்டில் கீறிக் குழந்தையை எடுத்தனர். பிரசவ வலி காணும்போது வலுவாகச் சுருங்கி விரிவது அந்த மேற்பகுதியே. அங்குள்ள தையல், ஓயாமல் இழுபடும் இடத்தில் போட்ட முடிச்சைப் போன்றது. பின்னர், 1920-களில், ஸ்காட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரில் மன்ரோ கெர் என்னும் வைத்தியர், கருப்பையின் கீழ்ப்பகுதியைக் குறுக்குவாட்டில் கீறும் முறையை வலியுறுத்திப் பரப்பினார். கீழ்ப்பகுதி மெல்லியது, வலியின்போது அதிகம் சுருங்காதது, காயமும் நன்கு ஆறக்கூடியது. இன்று நடைபெறும் சிசேரியன்களில் மிகப் பெரும்பாலானவை இம்முறையைச் சேர்ந்தவையே.

அறுந்த பாவிழையைப் பிணைத்து மீண்டும் நெய்வது நம் நெசவாளர்களுக்குப் புதிதன்று. பிணைத்த இழை தாங்குமா என்பது, எங்கே அறுந்தது, எப்படிப் பிணைக்கப்பட்டது, இப்போது எவ்வளவு இழுப்பு அதன்மேல் விழுகிறது என்பவற்றைப் பொறுத்தது. கருப்பைத் தழும்பின் விஷயமும் ஏறக்குறைய அத்தகையதே.

ஒன்றை இங்கே நினைவில் வைக்க வேண்டும். வயிற்றின் தோலில் தெரியும் தழும்பைக் கொண்டு உள்ளே கருப்பையில் எவ்வாறு கீறப்பட்டது என்று சொல்ல முடியாது. தோலில் குறுக்குத் தழும்பு இருந்து, உள்ளே நெடுக்குத் தழும்பு இருப்பதும் உண்டு. அதனை அறிவதற்கு ஒரே வழி, முதல் ஆஸ்பத்திரியில் தந்த டிஸ்சார்ஜ் சீட்டேயாகும்.

நன்மையும் அபாயமும்

முன்பு ஒரே ஒரு சிசேரியன் ஆகி, கீழ்ப்பகுதியில் குறுக்குத் தழும்பு உடையவர்கள், இயற்கைப் பிரசவத்திற்கு முயன்றால், 100 பேரில் 72 முதல் 75 பேர் வரை இயற்கையாகவே பிரசவிக்கின்றனர் என்பது பிரிட்டிஷ் மகப்பேறு வைத்தியர்கள் சங்கம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் காணும் கணக்கு. அவர்களுள் ஏற்கெனவே ஒரு முறையேனும் இயற்கையாகப் பிரசவித்தவர்களுக்கு இத்தொகை 85 முதல் 90 வரை உயர்கிறது. முதல் ஆபரேஷன், குழந்தை தலைமாறி இருந்ததனால் செய்யப்பட்டதாயின் நம்பிக்கை கூடுகிறது; வலி கண்டும் வழி திறவாமல் நின்றுபோனதால் செய்யப்பட்டதாயின் சற்றுக் குறைகிறது.

இயற்கைப் பிரசவம் ஆனால் உடல் விரைவில் தேறும். ஆஸ்பத்திரியில் தங்கும் நாள் குறையும். அடுத்த கருப்பங்களில் வரக்கூடிய சிக்கல்களும் குறையும்.

அபாயத்தையும் மறைக்காமல் கூறுவோம். வலியின்போது பழைய தழும்பு பிரிந்து கருப்பை கிழிந்துபோவது உண்டு. இயற்கைப் பிரசவத்திற்கு முயல்பவர்களில் 200 பேருக்கு ஒருவருக்கு இவ்வாறு நேரலாம். நாள் குறித்து ஆபரேஷன் செய்துகொள்பவர்களுக்கு இது 10,000 பேரில் 2 பேருக்கும் குறைவு. 200-ல் ஒன்று என்பது சிறிய எண்தான். ஆனால் அந்த ஒருவருக்கு நேரும்போது, சில நிமிஷங்களுக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்து. மேலும், முயன்று கைகூடாமல் அவசரமாக ஆபரேஷன் செய்ய நேர்ந்தால், முன்கூட்டி நாள் குறித்துச் செய்வதைவிட அதில் தொல்லை அதிகம்.

மீண்டும் மீண்டும் ஆபரேஷன் செய்துகொள்வதும் அபாயமற்றதன்று. ஒவ்வொரு முறையும் உள்ளுறுப்புக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நச்சுக்கொடி கருப்பையின் வாயிலை மறைத்துக்கொண்டு, பழைய தழும்பில் வேரூன்றிவிடும் கொடிய நிலையும் ஏற்படலாம். 2006-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வில், நச்சுக்கொடி வாயிலை மறைத்திருந்த பெண்களுள், முன்பு ஒரு சிசேரியன் ஆனவர்களில் 100-க்கு 11 பேருக்கும், இரண்டு ஆனவர்களில் 100-க்கு 40 பேருக்கும், மூன்று ஆனவர்களில் 100-க்கு 61 பேருக்கும் இவ்வாறு வேரூன்றியிருந்தது காணப்பட்டது. இத்தகைய பிரசவத்தில் பெருக்கெடுக்கும் இரத்தத்தை நிறுத்தக் கருப்பையையே அகற்ற வேண்டிவரும்.

ஆகவே இரு வழியிலும் நன்மையும் உண்டு, அபாயமும் உண்டு. எது எவருக்குத் தகும் என்று ஆராய்ந்து தேர்ந்துகொள்வதே அறிவுடைமை.

ஒலியால் காணும் கருவி

இவ்வாராய்ச்சிக்குத் துணை செய்வது அல்ட்ராசவுண்டு ஸ்கேன். நம் செவி கேட்கக்கூடிய ஒலி, விநாடிக்கு 20,000 அதிர்வு வரையில்தான். ஸ்கேன் கருவியோ விநாடிக்குப் பல லட்சம் அதிர்வுள்ள ஒலியை வயிற்றினுள் செலுத்துகிறது. அவ்வொலி குழந்தையின் எலும்பிலும் தசையிலும் நீரிலும் வெவ்வேறு விதமாக மோதித் திரும்புகிறது. திரும்பிய எதிரொலியைக் கருவி படமாக மாற்றித் திரையில் காட்டுகிறது. இதில் எக்ஸ்-ரே கதிர் இல்லை. ஆகையால், ஸ்கேன் எடுத்தால் கதிர் தாக்கிக் குழந்தைக்கு ஊனம் வரும் என்று அஞ்சுவதற்கு இடமில்லை.

இக்கருவியைப் பிரசவ வைத்தியத்திற்குக் கொண்டுவந்தவர் இயன் டொனால்டு என்பவர். அவரும் கிளாஸ்கோவில் பேராசிரியராக இருந்தவரே. தொழிற்சாலைகளில் இரும்பில் உள்ள விரிசலைக் கண்டறியப் பயன்பட்ட ஒலிக்கருவியைக் கண்டு, அதனை மனித உடலுக்கு ஏன் பயன்படுத்தலாகாது என்று அவர் சிந்தித்தார். டாம் பிரவுன் என்னும் பொறியாளரும், ஜான் மக்விகார் என்னும் வைத்தியரும் துணை நிற்க, 1958-ல் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார்.

முன்பு சிசேரியன் ஆன பெண்ணுக்கு ஸ்கேன் மூன்று சமயங்களில் சிறப்பாகப் பயன்படுகிறது.

முதலாவது, கருவுற்ற தொடக்க மாதங்களில். கரு கருப்பையின் உள்ளே உரிய இடத்தில் தங்கியிருக்கிறதா, அன்றிப் பழைய தழும்பிலேயே ஒட்டியிருக்கிறதா என்பது இப்போது தெரியும். தழும்பில் ஒட்டியிருந்தால் உடனே சிகிச்சை வேண்டும். பிரசவ நாளைச் சரியாகக் கணிப்பதற்கும் இந்த ஸ்கேனே சிறந்தது. நாள் கணக்குத் தவறினால், ஆபரேஷனுக்கு நாள் குறிப்பதும் தவறும். நாள் நிறையுமுன் எடுக்கப்பட்ட குழந்தை மூச்சுவிடத் திணறும். அதனால்தான், அவசரமில்லாத ஆபரேஷனை 39 வாரம் நிறைந்த பின்னரே செய்வது வழக்கமாயிற்று.

இரண்டாவது, 18 முதல் 20 வாரம் வரையில். குழந்தையின் உறுப்புக்கள் செவ்வையாக அமைந்துள்ளனவா என்பதோடு, நச்சுக்கொடி எங்கே இருக்கிறது என்பதையும் இப்போது பார்ப்பார்கள். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் 24 வாரத்திற்குள் ஒரு ஸ்கேனாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-ல் பரிந்துரைத்தது. தழும்புள்ள பெண்ணுக்கு நச்சுக்கொடி தாழ்ந்திருப்பதாகத் தெரிந்தால், மறுபடியும் 32 வாரத்தையொட்டிப் பார்ப்பது இன்றியமையாதது. இந்த ஒரு சோதனையைத் தவற விடலாகாது.

மூன்றாவது, கடைசி மாதங்களில். குழந்தையின் தலை கீழ்நோக்கி உள்ளதா, நீர் போதுமா, வளர்ச்சி எப்படி என்பவை இதில் விளங்கும்.

ஸ்கேன் சொல்லாதவை

கருவி சொல்வதை அறிவதுபோலவே, அது சொல்லாததையும் அறிதல் வேண்டும். குழந்தையின் எடை இவ்வளவு என்று ஸ்கேன் கூறுவது உத்தேசக் கணக்கே. நூற்றுக்குப் பத்து, பதினைந்து கூடவோ குறையவோ இருக்கும். மூன்று கிலோ என்று சொன்ன குழந்தை இரண்டே முக்காலாகவும் பிறக்கலாம், மூன்றேகாலாகவும் பிறக்கலாம். தழும்பின் கனத்தை அளந்து சொல்வதும் உண்டு. அந்த அளவு ஒன்றை மட்டும் கொண்டு, இத்தழும்பு தாங்கும் அல்லது தாங்காது என்று முடிவு கட்டுவதற்கு உலகெங்கும் ஒப்புக்கொண்ட வரம்பு எதுவும் இல்லை. நல்ல வைத்தியர், ஸ்கேன் அறிக்கையையும் பழைய சீட்டையும் பெண்ணின் உடல்நிலையையும் சேர்த்துப் பார்த்தே முடிவு சொல்லுவார்.

ஸ்கேனிடம் கேட்கக் கூடாத கேள்வியும் ஒன்று உண்டு. பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்று கேட்பதும், சொல்வதும் குற்றம். 1994-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 1996-ல் நடைமுறைக்கு வந்து, 2003-ல் மேலும் வலுப்படுத்தப்பட்ட சட்டம் இதனைத் தடுக்கிறது. 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில், ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் 1,000 ஆண்களுக்குத் தமிழ்நாட்டில் 943 பெண்கள் இருந்தனர். நம் கடலூர் மாவட்டத்திலோ அது 900-க்கும் கீழே இருந்தது. தாயையும் சேயையும் காக்க வந்த கருவி, சேயை அழிக்கும் கருவியாக ஆவதற்கு நம் குடும்பங்கள் இடங்கொடுக்கலாகாது.

எவர் முயலலாம், எங்கே முயலலாம்

ஒரு சிசேரியன் மட்டுமே ஆகி, கீழ்ப்பகுதியில் குறுக்குத் தழும்பு உடையவராய், ஒரே குழந்தை தலைகீழாக இருந்து, வேறு நோய் இல்லாதவராயின், இயற்கைப் பிரசவத்திற்கு முயலலாமா என்று வைத்தியரிடம் தாராளமாகக் கேட்கலாம். கருப்பையில் மேல்பகுதி நெடுக்குத் தழும்பு உடையவர்களும், முன்பு கருப்பை கிழிந்தவர்களும், நச்சுக்கொடி வாயிலை மறைத்திருப்பவர்களும் முயலக் கூடாது. முதல் பிரசவத்திற்கும் இப்பிரசவத்திற்கும் இடையே ஒன்றரை ஆண்டுக்கும் குறைந்த இடைவெளி இருந்தால் தழும்பு பிரியும் அபாயம் கூடுகிறது. ஆகையால் ஒரு குழந்தை பிறந்தபின் இரண்டாண்டு கழித்து அடுத்த கருத்தரிப்பு என்ற ஒழுங்கு, தழும்புள்ள பெண்ணுக்கு மிகவும் அவசியம்.

இடம் மிக முக்கியம். இருபத்து நான்கு மணி நேரமும் ஆபரேஷன் செய்ய வைத்தியரும், மயக்க மருந்து கொடுப்பவரும், இரத்தமும், குழந்தையின் இதயத் துடிப்பை இடைவிடாது கவனிக்கும் வசதியும் உள்ள ஆஸ்பத்திரியில் மட்டுமே இதற்கு முயல வேண்டும். வீட்டிலோ, ஆபரேஷன் வசதியில்லாத ஆரம்ப சுகாதார நிலையத்திலோ முயல்வது பேராபத்து. தமிழ்நாட்டில் சீமாங் மையம் என்று வழங்கும் தாய்சேய் அவசர சிகிச்சை மையங்கள் இதற்கென்றே ஏற்பட்டவை. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தூரத்தில், சிதம்பரம் அண்ணாமலை நகரில், முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்து, இன்று அரசாங்க மருத்துவக் கல்லூரியாக விளங்கும் பெரிய ஆஸ்பத்திரி உள்ளது.

நாற்பது கிலோமீட்டர் என்பது வலி கண்டபின் கடக்க வேண்டிய தூரமன்று. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பேறு காலம் வருமாயின், வெள்ளாற்றிலும் ஓடைகளிலும் நீர் பெருகிப் பாதை தடைப்படலாம். 2015 நவம்பரில் நம் மாவட்டம் பட்ட வெள்ளத் துன்பத்தை எவரும் மறந்திரார். மாசி மகத்தை ஒட்டிப் பூவராகப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளும் நாட்களில் பேறு காலம் வருமாயின், வழியெங்கும் ஜனக்கூட்டம் இருக்கும். ஆகவே குறித்த நாளுக்குச் சில நாள் முன்னதாகவே ஆஸ்பத்திரியிலோ, அதன் அருகில் உறவினர் இல்லத்திலோ தங்கிவிடுவது நல்லது. வலி விட்டுவிட்டு வராமல் ஓயாது நீடித்தாலும், தழும்பு இருக்கும் இடத்தில் நோவு கண்டாலும், இரத்தம் கண்டாலும், பனிக்குடம் உடைந்தாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும், ஒரு கணமும் தாமதியாமல் 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். வலியைத் தூண்டுவதற்கென்று கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவது, தழும்புள்ள கருப்பையைக் கிழித்துவிடக்கூடிய செயல்.

அங்கத்தினர்கள் செய்ய வேண்டியவை

சங்கத்தின் பாஸ் புத்தகத்தையும் நிலப் பத்திரத்தையும் நாம் பெட்டியில் பூட்டி வைக்கிறோம். ஆனால் ஆபரேஷன் ஆன ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சீட்டு எங்கே என்று கேட்டால், பல வீடுகளில் விடை கிடைப்பதில்லை. தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடப்பது நம் வழக்கமாதலால், சீட்டு அங்கேயே தங்கிவிடுவதும் உண்டு. அது இன்றே தேடி எடுக்கப்பட வேண்டும். ஆபரேஷன் ஏன் செய்யப்பட்டது, கருப்பை எங்கே எவ்வாறு கீறப்பட்டது என்னும் இரண்டு விவரங்களும் அதில் உள்ளனவா என்று படித்தறிந்தவரைக் கொண்டு பார்க்க வேண்டும். சீட்டு இல்லையேல், அந்த ஆஸ்பத்திரியில் கேட்டு நகல் பெற முயலலாம்.

கருவுற்றதும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்து பிக்மி எண் பெறுவது அடுத்த கடமை. குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அது வேண்டும். தகுதியுள்ளோர்க்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின்கீழ், ரொக்கமும் ஊட்டச்சத்துப் பொருளுமாக மொத்தம் 18,000 ரூபாய் அளவில் உதவி உண்டு. ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி கர்ப்பிணிகளுக்கு வைத்தியர் இலவசமாகச் சோதனை செய்யும் திட்டம் 2016 முதல் நடைபெறுகிறது. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பிரசவமாயினும் சிசேரியனாயினும், மருந்து, சோதனை, இரத்தம், உணவு யாவும் இலவசம் என்பது 2011 ஜூன் மாதம் தொடங்கிய மத்திய அரசின் திட்டம். தறியை அடகு வைத்தும், விளைச்சலுக்கு முன்பணம் வாங்கியும் பிரசவம் பார்க்கும் நிலை, இவ்வுரிமைகளை அறியாமையால் வருவது அன்றோ?

இறுதியாக ஒன்று. முயன்று இயற்கையாகப் பிரசவித்தவள் வீரமுடையவள் என்றோ, ஆபரேஷன் செய்துகொண்டவள் வலிக்கு அஞ்சியவள் என்றோ பேசுவது பேதைமை. முடிவு சொல்ல வேண்டியவள், சுமக்கும் பெண். வழிகாட்ட வேண்டியவர், அவளைச் சோதித்த வைத்தியர். வீட்டாராகிய நம் கடமை, சீட்டைப் பத்திரப்படுத்துவதும், உரிய காலத்தில் ஸ்கேனுக்கு அழைத்துச் செல்வதும், உரிய ஆஸ்பத்திரிக்கு நாளோடு கொண்டு சேர்ப்பதும், அவள் சொல்வதைச் செவிகொடுத்துக் கேட்பதுமே. இவ்வளவையும் செய்துவிட்டால், எந்த வழியில் பிறந்தாலும், தாயும் சேயும் நலமாக வீடு திரும்புவார்கள் என்று நாம் நம்பிக்கையோடு காத்திருக்கலாம்.